பொந்துக்கு வெளியே ஒரு மூக்கு

சிங்காநல்லூர், கோயம்புத்தூர்
ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்ஷயாவுக்கு,

இங்கே சர்க்கரை அளவு, முழங்கால், அபார்ட்மெண்ட் மோட்டார் எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. அங்கே வான்கூவரில் குளிர் விட்டதா, இருமல் நின்றதா என்று எழுது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் போனில் நீ அனுப்பிய செய்தி அப்படியே இருக்கிறது. “படம் எப்படிம்மா இருந்துச்சு? உண்மையச் சொல்லு.” தொண்டை கட்டிவிட்டது, பிறகு பேசுகிறேன் என்று பதில் போட்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் “நல்லா இருக்குது அம்மணி” என்று சொல்லி வைத்துவிடுவேன். நீ உண்மையைக் கேட்டாய். அதற்குக் கடிதம்தான் சரி. இருபத்தெட்டு வருஷம் தபால் ஆபீஸில் ஊரார் கடிதத்தை எல்லாம் பிரித்துப் போட்டவள், என் மகளுக்கு ஒன்று எழுதினால் குறைந்து போக மாட்டேன். பதினைந்து நாளில் வந்து சேரும். ஜூலை இருபதாம் தேதி உன் படத்துக்காக இங்கே நடக்கிற விழாவுக்கு நீ கிளம்புவதற்குள் படித்துவிடலாம். நானும் கோட்டைமேட்டுக் குல்சும் அக்காவும் மேடை ஏற வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் கடைசியில்.

உன் கார்ட்டூன் படத்தை வந்த முதல் ஞாயிறே பார்த்தோம். தாரிக்தான் டிக்கெட் எடுத்தான். குல்சும் அக்கா, அவர் மகன் தாரிக், மருமகள் ரிஃபத், பேத்தி யுஸ்ரா, நான். ஒரே வரிசை. “பொந்து வீடு” என்று பெயர் வந்ததும் தாரிக் விசில் அடித்தான். அதற்குக் கீழே கதை, இயக்கம் என்று உன் பெயர் வந்தது. உன் இனிஷியலைப் பார்த்தேன். உன் அப்பா தனபால் இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு என்றால் வாயில் வராது. மழை நன்றாக இருக்கிறது. வால்பாறை மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அடிக்கும். அதைச் சரியாகப் பிடித்திருக்கிறாய். இருவாச்சிப் பறவை பறக்கும்போது இறக்கையில் வருகிற அந்தப் புஸ் புஸ் சத்தம், ரயில் மூச்சு விடுவது போல, அதுவும் சரி. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது டிரைவரோடு சேர்ந்து பயணிகள் எல்லோரும் சாய்கிறார்களே, தியேட்டரே சாய்ந்தது. உன் எட்டாம் வகுப்பு லீவில் அந்த வழியாக உன்னை வால்பாறைக்குக் கூட்டிப் போனவள் நான். ஒவ்வொரு வளைவிலும் நீ வாந்தி எடுத்தாய், பிளாஸ்டிக் பையைப் பிடித்தவளும் நான்தான். படத்தில் பஸ் வருகிறது. பை பிடிக்கிறவளைக் காணவில்லை.

கதையும் நல்ல கதை. இருவாச்சிப் பெண் பறவை முட்டையிடும் காலத்தில் மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும், ஒரு சின்ன வெடிப்பை மட்டும் விட்டு வைக்கும், ஆண் பறவை வெளியிலிருந்து அந்த வெடிப்பு வழியாகப் பழம் ஊட்டும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. உள்ளே அம்மாவும் குஞ்சும், வெளியே அப்பா. அப்பாவுக்கு முகம் இல்லை, மூக்கு மட்டும். அலகு என்று எழுத வேண்டும். யுஸ்ரா மூக்கு மூக்கு என்று கத்திக் கத்தி எனக்கும் அதுவே வருகிறது.

இனி குறைகள். இடைவேளைக்குப் பிறகு வேறு யாரோ எடுத்த படம் போல இருக்கிறது. அந்த அணில் எதற்கு மெட்ராஸ் பாஷை பேசுகிறது? ஆனைமலையில் அணிலுக்கு மெட்ராஸில் என்ன சோலி? மரம் வெட்ட வருகிற காண்ட்ராக்டர் பாடி ஆடுகிறான், பயமாகவும் இல்லை, சிரிப்பும் வரவில்லை. மனிதர்கள் நடக்கும்போது கால் தரையில் படவே இல்லை. பறவைக்கு ஒவ்வொரு இறகையும் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் மனிதனுக்குப் பாதம் வரைய மறந்துவிட்டார்களா? பத்து நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. கடைசியில் ஹெலிகாப்டர். பொந்தும் வெடிப்பும் அத்திப்பழமுமாக இருந்த படத்துக்குள் ஹெலிகாப்டர் வந்ததும் நான் கைப்பையைத் திறந்து மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன்.

இன்னொன்று. மூக்கு வரும்போதெல்லாம் மரத்தில் “டக் டக்” என்று இரண்டு தட்டு. உடனே தியேட்டரில் இருக்கிற அத்தனை வாண்டுகளும் நாற்காலிக் கையில் இரண்டு தட்டு. யுஸ்ரா என் காதருகில். தலைவலி வந்துவிட்டது. இது குறையா நிறையா தெரியவில்லை, குறையிலேயே சேர்த்துக்கொள். மூன்று நாள் மழையில் மூக்கு வராமல் போகிற இடத்தையும் ரொம்ப இழுத்துவிட்டாய். குஞ்சு வெடிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் தட்டு கேட்கிறது, ஓடிப் போய் நெற்றியை இடித்துக்கொள்கிறது. அதைச் சிரிப்புக்காக வைத்தாய் போலிருக்கிறது. நான் சிரித்தேன். அந்த மூக்கு உன் அப்பா என்று எனக்குப் புரிந்தது. நாலு வயதில் பறிகொடுத்தவருக்கு உன் நினைவில் முகம் எங்கே இருக்கும்? அதற்காக உன்மேல் வருத்தமில்லை.

வருத்தம் உள்ளே இருக்கிற பறவைமேல்.

வாயைத் திறந்தால் கண்ணு. “ஏனுங்க கண்ணு, தூங்கலீங்களா?” “பழத்தைத் தின்னுபோட்டு வெளையாடுங்க கண்ணு.” குஞ்சுக்கும் ஒரு ‘ங்க’, அதை மிரட்ட வருகிற பாம்புக்கும் ஒரு ‘ங்க’. நான் எண்ணினேன். எண்ணுவது என் தொழில் புத்தி, விடாது. கண்ணு அறுபத்தொரு தடவை வருகிறது. அம்மணி ஒரு தடவைகூட இல்லை. இந்த வயது வரைக்கும் உன்னை அம்மணி என்று கூப்பிட்டவள் யார், கண்ணு என்று கூப்பிட்டவர் யார் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். போதாதற்கு அந்தப் பறவை சிரிக்கும்போது இறக்கையால் வாயை மூடிக்கொள்கிறது. குல்சும் அக்கா முந்தானையால் மூடுவாரே, அதே மாதிரி. முதல் தடவை மூடியதும் தாரிக் “அம்மா, இது நீங்கதானுங்க!” என்று கத்தினான். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. குல்சும் அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. திரையில் ஒன்று, பக்கத்தில் ஒன்று. நடுவில் நான்.

கடைசியில் கறுப்புத் திரையில் “அம்மாவுக்கு” என்று ஒரே ஒரு சொல் போட்டிருக்கிறாய். தியேட்டரே கை தட்டியது. குல்சும் அக்கா என் கையைப் பிடித்து, “உங்களைத்தானுங்க சொல்லுது புள்ளை” என்றார். பாவம், மரியாதைக்குச் சொன்னார். நான் தண்ணீர் பாட்டிலை எடுக்கிறவள் போலக் கையை உருவிக்கொண்டேன்.

அக்ஷயா, எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன். வயிறு எரிகிறது. அறுபது வயதில் ஒரு கார்ட்டூன் பறவையைப் பார்த்து எரிகிறது என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

உன் அப்பா போனதும் கருணை அடிப்படையில் அவர் வேலையையே எனக்குக் கொடுத்தார்கள். ரயில்வே தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை, மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட். பள்ளி விட்டதும் நீ, அப்போது நாம் குடியிருந்த கோட்டைமேட்டில், பக்கத்து வீட்டுக் குல்சும் அக்காவிடம் போவாய், நான் ஷிப்ட் முடிந்து வந்து கூட்டிக்கொள்வேன். உனக்குப் பல் விழுந்தது அங்கே. மிதிவண்டி பழகியது அங்கே. பெரியவள் ஆனதுகூட அவர் வீட்டில்தான், எனக்கு ஆபீஸுக்குப் போன் வந்தது. அவர்மேல் ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டம். குறை இருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன்.

போன முறை நீ வந்ததை மறக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து நேராகக் கோட்டைமேட்டுக்குப் போய் அங்கே பிரியாணி சாப்பிட்டுவிட்டு, இங்கே வந்து பசியில்லை என்றாய். உனக்கென்று செய்த அரிசிம்பருப்புச் சாதத்தை மறுநாள் மதியம் வரை நானே தின்றேன். நாலு வருஷமாகிறது. நெய் ஊற்றும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

ஆகவே விழாவுக்கு நான் வரவில்லை. படத்தில் இருக்கிற அம்மாவை மேடைக்குக் கூப்பிடு. பொருத்தமாக இருக்கும். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
வெங்கடலட்சுமி


ஜூன் 11, புதன்கிழமை

அம்மணி,

மேலே இருப்பதை அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை. எழுதின கடிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது. விலாசம் இல்லாததைக்கூட எடுத்து வைத்துப் பழகியவள். அதனால் அதையும் படி, இதையும் படி.

ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டு முடித்து, தாள்களை மடிப்பதற்காக ஒன்றாக எடுத்தேன். மேசையில் தட்டினேன். டக் டக்.

கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் ஆபீஸில் தபால் கட்டைப் பிரித்ததும் முதல் வேலை அதுதான். கடிதங்களை ஒரே பக்கமாகத் திருப்பி, விலாசம் மேலே இருக்கும்படி வைத்து, மேசையில் இரண்டு தட்டு தட்டி ஓரம் சேர்க்க வேண்டும். அப்போதுதான் ஊர்வாரியாகப் பெட்டிகளில் போடக் கை ஓடும். ஒரு ஷிப்டில் எத்தனை ஆயிரம் தட்டு தட்டியிருப்பேனோ. அது வீட்டுக்கும் வந்துவிட்டது. சப்பாத்தி அடுக்கினால் இரண்டு தட்டு. உன் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டால் இரண்டு தட்டு. “அம்மா, நோட்டுக்கு வலிக்கும்” என்று நீ ஒருநாள் சொன்னது நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை காலைக் காட்சிக்குத் தனியாகப் போனேன். மொத்தம் பதினோரு பேர். இந்த முறை உள்ளே இருக்கிற பறவையைவிட மூக்கைத்தான் அதிகம் பார்த்தேன். பழத்தை அப்படியே ஊட்டவில்லை அது. முதலில் திருப்புகிறது, காம்பு தன் பக்கம் இருக்கும்படி. பிறகு மரப்பட்டையில் இரண்டு தட்டு. அப்புறம்தான் வெடிப்புக்குள் போடுகிறது. வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பழமும் கீழே விழாமல். இருவாச்சி எதுவும் அப்படிச் செய்யாது என்பது பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே தெரிகிறது. அப்படிச் செய்கிற ஆள் நான் ஒருத்திதான்.

மூன்று நாள் மழையும் அப்போதுதான் புரிந்தது. கலவரத்தின்போது ஊரடங்கு போட்டார்களே, உனக்கு ஐந்தோ ஆறோ வயது. ஷிப்டுக்குப் போன நான் ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டேன். நீ கோட்டைமேட்டில், குல்சும் அக்கா கதவைச் சாத்தி உன்னை உள்ளே வைத்திருந்தார். போன் கிடையாது. மூன்றாம் நாள் தளர்த்திய நேரத்தில் ஓட்டமும் நடையுமாக வந்து, தினமும் போல டிபன் பாக்ஸால் கதவில் இரண்டு தட்டு தட்டினேன். நீ ஓடி வந்து கதவில் மோதி நெற்றி வீங்கிவிட்டது. நான் உன்னைத் தூக்கக்கூட இல்லை, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இடம் வந்தபோது முதல் தடவை சிரித்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை மட்டும் அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும்.

தியேட்டரிலிருந்து நேராக உக்கடம் பஸ் ஏறிக் குல்சும் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மூக்கு யார் என்று தெரியுமா என்று கேட்டேன். “இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா லட்சுமி? எனக்கு முதல் தட்டுலயே தெரிஞ்சுபோச்சுங்களே” என்றார். அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன். கை பிடித்துச் சொன்னாராம், நான்தான் கையை உருவிக்கொண்டேனாம். பொய்யில்லை.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உனக்கும் தெரிய வேண்டும். “கஞ்சி ஊட்டுனது நானு, சடை பின்னுனது நானு, காச்ச வந்தா மடியில போட்டுட்டு உக்காந்திருந்தது நானு. ஆனா உங்க ரெண்டு தட்டு கேட்டாப் போதுமுங்க. எம் மடியிலிருந்து துள்ளி எந்திரிச்சு ஓடிப்போயிரும். ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்து ‘வாரேன் குல்சும்மா’ன்னு சொல்லியிருக்குமுங்களா? எனக்கு வயிறு எரியுமுங்க. அடுத்தவங்க புள்ளைக்கு இப்படி ஆசப்படலாமான்னு தொழுகையில மன்னிப்புக் கேப்பேன். மறுநாளும் எரியும்.” சொல்லிவிட்டு முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார். இந்த முறை சிரிப்புக்கு இல்லை.

இத்தனை வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பொம்பளைகள் ஒரே பிள்ளைக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் ‘ங்க’ போட்டுப் பேசியே அதை மூடி வைத்திருக்கிறோம். கீரையை நானும் சேர்ந்து ஆய்ந்தேன்.

ஒன்று கேட்கிறேன். தட்டு கேட்டுக் குஞ்சு ஓடும்போதெல்லாம் உள்ளே இருக்கிற பறவையின் முகம் ஒரு கணம் வாடுகிறது. இரண்டாம் தடவைதான் கவனித்தேன். அதையும் நீதானே வரைந்திருக்கிறாய்? ஓடுகிற பிள்ளைக்கு முதுகில் கண் கிடையாது. பிறகு எப்போது பார்த்தாய் அம்மணி? குல்சும் அக்காவிடம் இதைச் சொன்னேன். “பாத்துச்சுங்களா? நெசமாலுமே பாத்துச்சுங்களா?” என்று இரண்டு முறை கேட்டார்.

இதனால் என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அவருக்கு முகம், இறகு, சிரிப்பு, தாலாட்டு, அறுபத்தொரு கண்ணு. எனக்கு மூக்கு. ஒரு பெயராவது வைத்திருக்கலாம். ஒரு வசனம் கொடுத்திருக்கலாம். இந்தக் கோபத்தோடுதான் திங்கட்கிழமை தூங்கப் போனேன். செவ்வாய்க்கிழமை காபி போடும்போது யோசித்தேன், நான் அப்போது என்ன பேசியிருக்கிறேன்? “சாப்பிட்டியா? வீட்டுப்பாடம் எழுதியாச்சா?” இரண்டு கேள்வி, இரண்டுக்கும் நீ தலையாட்டுவாய், அதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். இல்லாத வசனத்தை நீ எங்கே போய் எழுதுவாய்? பேசாததைப் பேசியதாகக் காட்டாமல் விட்டாயே, அது நேர்மை. ஆனாலும் வலிக்கிறது.

குறைகளில் திருத்தம்: மூன்று நாள் மழையில் ஒரு நிமிஷம்கூடக் குறைக்க வேண்டாம். குழந்தைகள் தட்டுவதை நிறையில் சேர்த்துக்கொள், திங்கட்கிழமை நானும் மெதுவாகத் தட்டினேன். அணில், காண்ட்ராக்டர், ஹெலிகாப்டர் மூன்றும் எழுதினபடியே. அம்மா என்பதற்காக ஹெலிகாப்டரை மன்னிக்க முடியாது.

விழாவுக்கு வருகிறேன். முதலில் குல்சும் அக்காவைக் கூப்பிடு, வயதில் மூத்தவர். படியேற அவருக்குக் கை கொடுத்தபடி நானும் ஏறிவிடுவேன். என்னைத் தனியாகக் கூப்பிட வேண்டாம். மூக்கு என்று மைக்கில் சொல்லிவிடாதே, மானம் போய்விடும்.

ஜூலை பதினேழாம் தேதி நீ விமானம் இறங்குகிறாய். முதலில் எங்கே போவாய் என்று இந்த முறை கவலைப்படவில்லை, ஏனென்றால் அன்றைக்குக் காலையிலேயே குல்சும் அக்காவை இங்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறேன். அவர் இங்கே இருந்தால் நீ வேறு எங்கே போவாய்? பெருந்தன்மை என்று எண்ணிவிடாதே, தந்திரம்தான். அவருக்கும் அது புரிந்தது, “சரிங்க லட்சுமி, பிரியாணியை உங்க ஊட்டுலயே ஆக்கிப்போடறேன்” என்றார். அரிசிம்பருப்பும் இருக்கும். இரண்டையும் தின்ன வேண்டும்.

மெலிந்திருக்கிறாய் என்று தாரிக் சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் கதவைத் திறந்து வைத்து ஒருத்தராவது உனக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் மாரியம்மனிடம் நான் கேட்பது.

ஒன்றே ஒன்று. பிளாட்டில் காலிங் பெல் இருக்கிறது, அதை அழுத்தாதே. கதவில் இரண்டு தட்டு தட்டு. அத்தனை வருஷமும் நான் வெளியே நின்று தட்டினவள். உள்ளேயிருந்து ஓடி வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குல்சும் அக்காவுக்கு இப்போதெல்லாம் முழங்கால் என்னைவிட மோசம். நான்தான் முதலில் வந்து திறப்பேன்.

உன்
அம்மா